ஐந்தாவது வரிக்கு எழுத்து இல்லை

என் வலது காதுக்குச் சொந்தக்காரியான பிலோமி அக்காவுக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். நீ எழுதிய பாட்டை முதன்முறையாக முழுசாகப் பாடப் போகிறோம். நீ போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாளும் இதுதான். காலையிலிருந்து தூறல் விட்டு விட்டுப் பெய்கிறது. பூசை கண்டுவிட்டு நேரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்துவிட்டேன். இன்றைக்கு வகுப்பு கிடையாது. மிஷின்களெல்லாம் உறை போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தமிழ் மிஷின் ஒன்றை மட்டும் உறை கழற்றி வைத்திருக்கிறேன். அதில் ஒரு தாள் ஏற்றியிருக்கிறேன். அது என்ன தாள் என்று உனக்குத் தெரியும்.

கடிதத்தைக் கையால்தான் எழுதுகிறேன், கோபிக்காதே. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று நீயே சொல்லிச் சொல்லித்தான் என்னை டைப்பிங் படிக்க அனுப்பினாய். இதை நாலு ஊர்ப் பாடகர்களும் படிக்கட்டும் என்று இருக்கிறேன். இரண்டு மாதமாக அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. நான் அவர்களைப் பார்க்கிற பார்வையும் சரியில்லை.

முதலில் வீட்டுச் சேதி. குழாயில் இன்னமும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். எதிர்வீட்டில் டிவி வாங்கிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை தெருவே அங்கேதான் கிடக்கிறது. உன் நீலச் சேலை மடிப்பில் பூனை குட்டி போட்டுவிட்டது. துரத்த மனசு வரவில்லை. நீ இருந்திருந்தால் துரத்தியிருப்பாய், அப்புறம் நீயே பால் வைத்திருப்பாய்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். அக்கா, உன் குரல் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. முகம் மறக்கவில்லை, போட்டோ இருக்கிறது. குரலுக்கு என்ன இருக்கிறது? யாரும் டேப்பில் பிடித்து வைக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் உன்னை அடக்கம் பண்ணினோம். மழை பிடிக்கிறதற்குள் உன் குரலில் பாதி போய்விட்டது. சத்தம் போட்டுத் திட்டுவாயே, அது மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நீ பாடினது எப்படி இருக்கும் என்று யோசித்தால் யாரோ ஒரு பொம்பளை பாடுகிற மாதிரி வருகிறது.

சின்ன வயசில் சீழ் பிடித்து என் இடது காது போனது எல்லாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். அதனால் நீ எப்போதும் என் வலப் பக்கமாகவே நடந்தாய், வலப் பக்கமாகவே படுத்தாய். இந்த மிஷினுக்கு முன்னால் நான் உட்கார்ந்தால் வலப் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் பாடிக் காட்டி அடிக்கச் சொல்வாய். வரி தொடங்கும் முன்னால் ஒரு மூச்சு எடுப்பாய் பார், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு மாதிரி. உனக்கு நெஞ்சில் கோளாறு என்று டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே அந்த மூச்சு சொல்லியிருக்கிறது. எனக்கு விளங்கவில்லை.

படிக்கிறவர்களுக்காக வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். அக்கா பள்ளிக்கூடத்து டீச்சர், கோவில் பாடகர் குழுவுக்குத் தலைவி. ஐந்து கோடு போட்டு அதில் முட்டை முட்டையாக வரைகிற இசை எழுத்து எங்களுக்கு வராது. டோ, ரே, மீ என்பதற்கு ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்து. தாளத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இரட்டைப் புள்ளி. சுற்று முடிந்தால் ஒரு நெட்டுக்கோடு. டைப் அடிக்கத் தெரிந்தவர்கள் பாட்டும் அடிக்கலாம். எழுத்தை இங்கிலீஷ் மிஷினில் அடித்து, அதே தாளைக் கழற்றித் தமிழ் மிஷினில் ஏற்றி, அடியில் வார்த்தையை அடிப்பேன். ஒரு நூல் நகர்ந்தாலும் எழுத்து ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம் போய்விடும்.

கல்லறைத் தோட்டம் ஒன்றுதான், சொந்தக்காரர்கள் நாலு ஊரில் இருக்கிறார்கள். நல்லம்பள்ளிப் பக்கம் ஓர் ஊர், ஒகேனக்கல் பஸ் போகிற வழியில் ஓர் ஊர், பிழைப்புக்காகத் தீர்த்தமலைப் பக்கம் போய்விட்டவர்கள், அப்புறம் டவுனில் நாங்கள். அதனால் அக்கா பாட்டை நாலு பாகமாக எழுதினாள். ஊருக்கு ஒரு பாகம், பாகத்துக்கு ஒரு ஃபைல். திருநாளன்று கல்லறைத் தோட்டத்தின் நாலு மூலையிலும் நின்று ஒவ்வொரு பாகமாகப் பாடி முடிக்க வேண்டும். ஓர் ஊருக்கு மற்ற ஊரின் பாகம் தெரியாது.

எதையும் இரண்டு இடத்தில் எழுதக்கூடாது என்பது அக்காவின் சட்டம். சுருதி, வேகம், எந்தப் பாகத்துக்குப் பின் எந்தப் பாகம், பல்லவி, தாளம் போடுவது யார், யார் எங்கே நிற்பது, இவை எதுவும் அந்த நாலு ஃபைலுக்குள் இருக்காது. எல்லாம் ஒரே ஒரு தாளில். அதற்குத் தலைத்தாள் என்று பெயர். அது என்னிடம் இருக்கும். மாற்றம் வந்தால் தலைத்தாளில் மாற்றிவிட்டு, நாலு ஊருக்கும் போஸ்ட் கார்டு போடுவோம்.

"ஃபைலுக்குள்ள எவளும் கை வைக்கக்கூடாது. மாத்தணும்னா தலைத்தாள்ல மாத்து. நாலு ஊருக்கும் தானா மாறும்" என்பாய்.

"தானா எங்க மாறுது? நான்ல கார்டு எழுதறேன்?" என்பேன்.

அக்கா, இனிமேல் நான் அப்படிக் கேட்க மாட்டேன்.

ஒவ்வொரு பாகத்திலும் பெண்களில் மேல், கீழ், ஆண்களில் மேல், கீழ் என்று நாலு குரலுக்கு நாலு வரி. அதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி அடிக்கச் சொன்னாய். அதில் எழுத்தே கிடையாது. இரட்டைப் புள்ளி, இடைவெளி, இரட்டைப் புள்ளி, நெட்டுக்கோடு. நாலு ஃபைலிலும் பக்கம் பக்கமாக வெறும் புள்ளி அடித்தேன். விரல் நோவு கண்டது.

"ஒண்ணுமில்லாத வரிக்கு எதுக்கு ரிப்பன தேய்க்கற?" என்றேன்.

"இருக்கட்டும் செலினு. அஞ்சாவது குரல் அப்புறம் வரும். எடம் இப்பவே விட்டு வெச்சாத்தான் வரும்" என்றாய்.

அந்த வரி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து நாலு ஊர்க்காரரும் கூடினார்கள். பாட்டை நிறுத்தக்கூடாது என்றார்கள். தாளம் யார் போடுவது என்று கேள்வி வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பாட வராது. என் குரல் காக்கா குரல் என்று சின்னப் பிள்ளையிலேயே குழுவை விட்டுத் துரத்தினவள் நீதான். ஆனால் இன்ஸ்டிட்யூட்டில் தினமும் பத்துப் பிள்ளைகளைத் தாளத்தோடு டைப் அடிக்க வைக்கிற டீச்சருக்குக் கை தப்பாது என்றார்கள். சரியென்று ஒத்துக்கொண்டேன். தலைத்தாளை மிஷினில் ஏற்றி, 'தாளம்' என்ற இடத்தில் இருந்த உன் பெயரை அழிரப்பரால் தேய்த்து எடுத்துவிட்டு என் பெயரை அடித்தேன். தாள் கொஞ்சம் மெலிந்துபோனது. அப்போது வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஒத்திகைக்கு முதலில் நல்லம்பள்ளிப் பக்கம் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்து வெயில் கொளுத்துகிற நேரம். கோவிலுக்குள் அரை வட்டமாக நின்று பாடினார்கள். நான் தாளம் போட்டேன். குற்றமில்லை. முடிந்ததும் ஞானப்பிரகாசம் வந்தார். கடலைக்காடு வைத்திருக்கிறாரே, ஆண்களில் மேல் குரல் பாடுகிறவர், அவர்தான்.

"அஞ்சாவது வரி இத்தன நல்லா இருக்கும்னு நெனைக்கலைங்க டீச்சர்" என்றார்.

"அஞ்சாவது வரியில ஒண்ணுமே இல்லீங்களே. வெறும் புள்ளிங்க."

சிரித்தார். "புள்ளிய யாராச்சும் பாடுவாங்களா? நாங்க கேட்டது பாட்டுங்க."

யார் பாடினது என்று கேட்டேன். பெண்கள் ஆண்கள் பக்கம் கையைக் காட்டினார்கள். ஆண்கள் பெண்கள் பக்கம் காட்டினார்கள். ஞானப்பிரகாசம் அந்த வரியை டோ, ரே என்று எழுத்து எழுத்தாகவே பாடிக் காட்டினார். நான் பென்சிலால் புள்ளிகளுக்கு நடுவே குறித்துக்கொண்டேன். எழுத்துகள் அந்த இடைவெளிகளில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவளின் பாட்டில் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் கறுவிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரம் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, வயசானவர்கள் மூலைக்கு மூலை நடந்துபோய் நின்று பாட வேண்டுமே, வேகம் ஜாஸ்தி என்றார். வாஸ்தவம்தான். தலைத்தாளில் வேகத்தைக் குறைத்தேன். நாலு ஊருக்கும் கார்டு எழுதிக் கைப்பையில் வைத்தேன். தபால்பெட்டியில் போட மறந்துபோனேன். அந்தக் கார்டுகளோடுதான் ஒகேனக்கல் பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் கூடியிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போதே பாடிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து கேட்டபோதே கால் நின்றுவிட்டது. புது வேகம், அக்கா. நான் குறைத்த அதே வேகம். கைப்பையைத் திறந்து பார்த்தேன். நாலு கார்டும் உள்ளேதான் இருந்தன.

"மெதுவாப் பாடச் சொல்லி யாருங்க சொன்னது?" என்று தெரேசாவைக் கேட்டேன். அருவிக்கரையில் மீன் வறுத்து விற்கிற தெரேசா, பெண்களில் கீழ்க் குரல்.

"யாரும் சொல்லலைங்க. போன வாரம் வரைக்கும் வெரசாத்தான் பாடுனோம். புதன்கெழமையிலேருந்து தானா மெதுவாயிடுச்சுங்க. இழுத்துப் புடிச்சாலும் ஓட மாட்டேங்குது."

புதன்கிழமைதான் நான் தலைத்தாளை மாற்றியது.

அவர்கள் மறுபடி பாடினார்கள், நான் தாளம் போட்டேன். முடிந்ததும் தெரேசா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அக்கா கொரலக் கேட்டு எத்தன நாளாச்சு" என்றாள்.

"என்ன சொல்றீங்க?"

"அஞ்சாவது வரிங்க. ஒங்க அக்கா கொரலு எனக்குத் தெரியாதா? மீன் வாங்கறப்போகூடப் பாடிக்கிட்டேதான வெல பேசுவாங்க."

பாடிக் காட்டச் சொன்னேன். பாடினாள். நல்லம்பள்ளிக்காரர்கள் விட்ட கடைசி எழுத்தில் தொடங்கினாள். இதில் ஓர் ஊர் பாடுவதை மற்ற ஊர் இன்றுவரை கேட்டதில்லை. மரத்தடியில் நல்ல வெளிச்சம், ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. என் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

"எங்கேருந்து வந்துச்சு அந்தக் குரல்?"

தெரேசா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஒங்க கிட்டேருந்துதானுங்க."

நான் பாடினால் புளியமரம் பட்டுப்போகும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். பயத்தில் இல்லை. பயம் இருந்தது, ஆனால் அழுதது பயத்தில் இல்லை. மீன் வறுக்கிற தெரேசாவுக்குக் கேட்கிறாய், கடலைக்காட்டு ஞானப்பிரகாசத்துக்குக் கேட்கிறாய், எனக்கு ஏன் கேட்கவில்லை? கூடப் பிறந்தவளுக்கு இல்லாத பாட்டு ஊருக்கு எதற்கு? அப்படித்தான் சுவரைப் பார்த்துத் திட்டினேன். பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

தீர்த்தமலைப் பக்கம் போகும்போது ஒரு முடிவோடு போனேன். நானே என்னை அறியாமல் பாடுகிறேனோ என்று ஒரு சந்தேகம். பித்துப் பிடித்தவர்களுக்கு அப்படி ஆகும் என்பார்கள். அங்கே குழுவைப் பார்த்துக்கொள்கிறவர் சூசை, பஸ் கண்டக்டர். அவரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி, வாய் நிறைய ஊற்றிக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு தாளம் போட்டேன். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தன. பாட்டு பாதி போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் வாயிலிருந்த தண்ணீரை வெளியே துப்பினேன். ஒரு சொட்டும் குறையவில்லை.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சுங்க" என்றார் சூசை.

"எந்தப் பக்கமிருந்து?"

சூசை முன்னால் வந்து இடத்தைக் காட்டினார். "தாளம் போடறீங்கல்ல, அந்தக் கைக்கு எதிர்ப்பக்கங்க. ஓரடி தள்ளி. இங்க." அப்புறம் மெதுவாகச் சொன்னார். "நாங்க நிக்கறதப் பாருங்க டீச்சர். சொல்லாமக் கொள்ளாம எல்லாருமே அங்க ஓர் ஆளு நிக்கற எடம் விட்டிருக்கறோம்."

பார்த்தேன். அரை வட்டம் என் இடப் பக்கம் வரும்போது ஒதுங்கி வளைந்து போயிருந்தது. நெருக்கியடித்துக்கொண்டு நின்றவர்கள் யாரும் அந்த ஓரடியில் கால் வைக்கவில்லை. நல்லம்பள்ளியிலும் புளியமரத்தடியிலும் அப்படித்தான் நின்றார்கள் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இடப் பக்கம். என் செத்த காதின் பக்கம். எல்லாருக்கும் கேட்டு எனக்கு மட்டும் கேட்காததற்கு இதுதான் காரணம் என்றால், நீயே சொல்லு அக்கா, என்ன நியாயம் இது? வாழ்நாள் முழுக்க வலப் பக்கமே வந்தவளுக்கு இப்போது திசை மறந்துபோயிற்றா?

டவுனில் நம் பாகத்துக்கு ஒத்திகை நடந்தபோது உன்னை மடக்கப் பார்த்தேன். பாட்டு நடுவில் சட்டென்று இடப் பக்கம் திரும்பி வலது காதை அந்தப் பக்கம் நீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. பாடி முடித்ததும், "நீங்க திரும்புனதும் கொரலும் சுத்திக்கிட்டுப் போயிடுச்சுங்க" என்றார்கள். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் இடப் பக்கம் கூடவே திரும்புகிறது. அடுத்த தடவை தாளத்தை வேறு ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கி நின்று பார்த்தேன். அன்றைக்கு நாலு குரல்தான். ஐந்தாவது வரவே இல்லை என்று எல்லாருக்கும் ஏமாற்றம். மறுபடி நான் கையைத் தூக்கியதும் வந்துவிட்டதாம்.

சாமியாரிடம் போய்ச் சொன்னேன். நம்பினாரா நம்பவில்லையா தெரியவில்லை. "செத்தவங்களுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டுத்தானேம்மா பாடறீங்க? அவளை இளைப்பாற விடுங்க" என்றார்.

தீர்த்தமலைக்காரர்களும் நம் ஆட்களும் பாடிக் காட்டிய வரிகளையும் சேர்த்து நாலு ஃபைலிலும் பென்சில் எழுத்து நிரம்பிவிட்டது. ஓர் ஊரின் கடைசி எழுத்து அடுத்த ஊரின் முதல் எழுத்து. நீ விட்ட ஐந்தாவது வரி தொடக்கத்திலிருந்து முடிவு வரை என் மேசைமேல் இருக்கிறது. எழுத்தாக இருக்கிறது. அதைப் பார்த்து எனக்குப் பாடத் தெரியாது. வேறு யாராவது பாடினால் அது அவர்கள் குரல்.

இன்று காலையில் பூசையில் இருக்கும்போதுதான் பொறி தட்டியது. பூசை முடியும் வரை எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஓடி வந்து தலைத்தாளை எடுத்தேன். நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய தாள், எத்தனையோ தடவை பார்த்த தாள். ஆனால் அடித்தவள் படிப்பதில்லை, அக்கா. பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேனே, வார்த்தையைப் படிக்காதே, எழுத்தை மட்டும் பார்த்து அடி என்று. யார் எங்கே நிற்பது என்ற இடத்தில், கடைசியாக, என் விரலே அடித்த வரி இருந்தது.

'ஐந்தாம் குரல்: தாளம் போடுபவருக்கு இடப் பக்கம், ஓரடி தள்ளி.'

நீ வலது கையால் தாளம் போடுவாய், கை வீச்சு படாமல் இருக்க இடப் பக்கம் என்று சொல்லியிருப்பாய். அப்போது தாளம் போடுகிறவள் நீ. ஐந்தாம் குரல் என்பது இனிமேல் வரப்போகிற யாரோ. அப்புறம் நான் தாளத்திலிருந்து உன் பெயரை அழித்து என் பெயரைப் போட்டேன். அந்தத் தாளில் உனக்கு மிச்சமிருந்த இடம் ஐந்தாவது வரி ஒன்றுதான். நாலு ஊருக்கும் தானாக மாறும் என்று சொன்னவள் நீ, உனக்கும் அதுதானே சட்டம்? இடப் பக்கம் என்று இருக்கிறது, இடப் பக்கம் நிற்கிறாய். எனக்குக் கேட்காது என்று தெரிந்தும் நிற்கிறாய். ஃபைலுக்குள் எவளும் கை வைக்கக்கூடாது. நீயும் வைக்கவில்லை. பிடிவாதக்காரி.

அதனால்தான் தாளை மிஷினில் ஏற்றி வைத்துக்கொண்டு இவ்வளவு நேரமாக உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லை மாற்றினால் போதும். கை வரவில்லை. சாமியார் சொன்னது குறுக்கே நிற்கிறது. இளைப்பாறு என்று நாலு ஊரும் உனக்காகப் பாடப்போகிறது. நான் ஒருத்தி மட்டும், இந்தப் பக்கம் வந்து நில்லு என்கிறேன். நீ அங்கே போக வேண்டியவளா, இங்கே நிற்க வேண்டியவளா? நான் பண்ணுவது பாசமா, பாவமா?

பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

மாற்றிவிட்டேன் அக்கா. அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, 'வலப் பக்கம்' என்று அடித்தேன். கடைசி எழுத்து தாளில் விழுந்தது. மழை அப்போது நின்றிருந்தது. தெருவில் சத்தமில்லை.

என் வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு எடுத்தாய்.

சைக்கிள் பம்பு மூச்சு. வரி தொடங்கும் முன் எடுக்கிற அதே மூச்சு. நான் திரும்பவில்லை. திரும்பினால் நீயும் சுற்றிக்கொண்டு போய்விடுவாயோ என்று பயம். விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ பாடவில்லை. ஏன் பாடுவாய்? நான் இன்னும் கையைத் தூக்கவில்லையே. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். இதை எழுதும்போதும் நிற்கிறாய். இந்தப் பக்கத்துக் கன்னம் மட்டும் சில்லென்று இருக்கிறது.

கொஞ்சம் பொறு. நாளைக்குச் சாயங்காலம் நாலு மூலையிலும் பாடலாம். கடைசி மூலை உன் கல்லறை. சுண்ணாம்பு அடித்துவிட்டேன், செவ்வந்திப் பூவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். யார் தள்ளினாலும் வலப் பக்கம் இடம் விட்டு நிற்பேன். நாலு பாகமும் நீ பாடு. ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் இதே மிஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்து, நாலு ஃபைலிலும் ஐந்தாவது வரியை மையில் அடித்து முடிப்பேன். ஒரு புள்ளிக்கு நடுவிலும் வெற்றிடம் இருக்காது. தலைத்தாளில் ஐந்தாம் குரலுக்கு நேராகத் தெரேசாவின் பெயரைப் போடுவேன். போட்டதும் உனக்கு அந்தத் தாளில் எங்கேயும் இடம் இருக்காது. நீ போகலாம். அடித்துவிடுவேன், இது சத்தியம். நாளைக்கு ஒருநாள் மட்டும் நான் கையைத் தூக்குகிற வரைக்கும் அந்த மூச்சை விட்டுவிடாதே.

வலப் பக்கம் ஓரடி இடம் விட்டுக் காத்திருக்கும்
உன் தங்கச்சி
செலின்